ஆயிரமாவது நட்சத்திரம்

பூட்டு ரிப்பேர்காரருக்கு அந்த இணையக் குழுவில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நட்சத்திரங்கள் இருந்தன. அவர் சொன்ன யோசனையில் யாருடைய கதவாவது திறந்தால் ஒரு நட்சத்திரம். ஆயிரம் சேர்ந்தால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு தங்கச் சாவி.

"ஊர்க் கதவெல்லாம் திறந்தது போதும். சோறு ஆறுது, வாங்க," என்று மனைவி அறைக்கு வெளியே இருந்து கத்தினாள்.

"ஒண்ணே ஒண்ணுதான். இதோ வந்துட்டேன்."

அந்த ஒன்றுதான் மூன்று நாட்களாக இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ ஓர் ஆள் அறைக்குள் மாட்டிக்கொண்டு, கதவைப் படம் எடுத்துப் போட்டிருந்தான். பச்சைக் கதவு, பின்னால் ஆணியில் ஒரு கட்டம்போட்ட சட்டை. பதினேழு யோசனை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பதில்: "திறக்கல அண்ணே."

பதினெட்டாவதாக, கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு தோளால் ஓர் இடி கொடுக்கச் சொன்னார்.

"திறந்துடுச்சு அண்ணே! உங்களுக்குக் கோடி புண்ணியம்."

தங்கச் சாவி மின்னியது. மனைவியிடம் காட்டலாம் என்று போனோடு எழுந்தார். அறைக் கதவின் கைப்பிடி சும்மா சுற்றியது. இழுத்துப் பிடித்து இடித்தார். பதினெட்டையும் வரிசையாகச் செய்து பார்த்தார். காலையில் அவர் கழற்றி மாட்டிய கட்டம்போட்ட சட்டைதான் ஆணியில் ஆடியது. பச்சைக் கதவு அசையவில்லை.

மனைவியைக் கூப்பிட வாயெடுத்தார். வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அப்பாடா, ஒருவழியா வந்துட்டீங்களா?" என்றாள் அவள். "உக்காருங்க. சட்டை எங்க?"