மூன்றாம் திரை

பழைய கிராபிக்ஸ் கார்டையும் புதியதையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டி, மேசையில் மூன்று மானிட்டர்களை வைத்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இரண்டு கார்டுகளுக்கும் மாமியார் மருமகள் உறவுதான். கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸோ, நான்கு திரைகள் இருப்பதாகச் சாதித்தது. சாயங்காலத்துக்குள் அனுப்ப வேண்டிய வீட்டு வரைபடத்தைத் திறந்தால், அது இல்லாத அந்தத் திரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. வீடு கட்டுகிறவர் காலையிலிருந்து போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். கார்டுகளின் டிரைவர் மென்பொருளை மாற்றினேன். கேபிள்களைப் பிடுங்கி மறுபடி செருகினேன். முதுகுவலிதான் மிச்சம்.

கடைசியில், எந்தத் திரைக்கு எந்த எண் என்று காட்டும் பொத்தானை அழுத்தினேன். மானிட்டர்களில் ஒன்று, இரண்டு, நான்கு என்று பெரிதாக வந்தன.

படுக்கையறையில் தலை வாரிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

“ஏங்க, பீரோ கண்ணாடியில மூணுன்னு பெருசா தெரியுது. உங்க வேலையா?”

எழுந்து போய்ப் பார்க்கத் தெம்பில்லை. “இரு, அணைச்சிடறேன்,” என்று சொல்லிவிட்டு, செட்டிங்ஸில் மூன்றாம் திரையை அணைத்தேன்.

“போயிடுச்சா?”

“போயிடுச்சு,” என்றாள். கொஞ்சம் பொறுத்து, “நானுந்தான் தெரியல,” என்றாள்.

ஒரு திரையை அணைத்தால், அதில் இருந்ததெல்லாம் பக்கத்துத் திரைக்கு வந்துவிடும். வரைபடமும் நான்காம் திரைக்கு வந்திருந்தது. அப்பாடா என்று அதை ஓரமாக நகர்த்தினேன்.

அதற்குப் பின்னால், திரைக்குள், கையில் சீப்போடு அவள் நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.