தூக்காத கைகள்

"நாலாயிரம் ஒரு தரம்... ரெண்டு தரம்..." மைக்கில் ஏலக்காரர் நிதானமாக இழுத்தார். ஸ்கூடாய் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தும் ஒரு கை எழவில்லை.

சுத்தியல் விழுந்தது. பளபளவென்று நின்ற பழைய வோக்ஸ்வேகன் வெறும் நாலாயிரம் ரிங்கிட்டுக்குப் போய்விட்டது.

வாங்கின பெண் ஓடிப்போய், விற்ற சீனப் பெரியவரைக் கட்டிக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. அடிமாட்டு விலைக்குப் போனதற்கு எதற்குக் கைதட்டல் என்று வாசுகிக்குப் புரியவில்லை.

"கார் வாங்குற நேரமா ஆன்ட்டி இது?" என்றான் பக்கத்து நாற்காலியில் இருந்த ஜீவன். "சிங்கப்பூர்லயே ஆளைக் குறைக்கிறாங்க. இங்க ஜேபியில யாரு கையில காசு இருக்கு லா?"

அடுத்தது அவளுடைய கார். அறுபத்தெட்டாம் வருஷத்து மெர்சிடிஸ். பிள்ளை இல்லாத வீட்டில் அவள் கணவர் மகேஸ்வரன் பன்னிரண்டு வருஷம் தாலாட்டாத குறையாக வளர்த்தது.

இப்போது அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிறார். இதய வால்வை உடனே மாற்ற வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் முறை வர எட்டு மாதம். தனியாரில் திங்கட்கிழமைக்குள் முப்பத்தைந்தாயிரம் கட்டினால் செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். இல்லையென்றால்... அந்த 'இல்லையென்றால்' பக்கமே அவள் போகவில்லை.

காலையில், இந்த ஏலத்தை நடத்தும் கார் கிளப்பின் மூத்த உறுப்பினர் ஐயாசாமி பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "அலமாக், என்னா சுத்தம்! மார்க்கெட் விழுந்தாலும் நாப்பதாயிரத்துக்குக் கொறையாதும்மா. நானே கேப்பேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள்.

ஜீவனையும் காலையில்தான் தெரியும். பாசிர் கூடாங்கிலிருந்து கார் பார்க்க வந்தவனாம், முப்பது வயதிருக்கும். பதிவு மேசையில் அவள் விண்ணப்பப் பாரத்தை வைத்துக்கொண்டு விழித்தபோது அவன்தான் எழுதிக் கொடுத்தான். குறைந்தபட்ச விலை என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டான். "மினிமம் போட்டா இந்த நேரத்துல ஒருத்தனும் கிட்ட வரமாட்டான், ஆன்ட்டி" என்றான். சரி, விவரம் தெரிந்த பையன் என்று அவளும் கையெழுத்துப் போட்டாள்.

காரை மேடைக்கு முன்னால் ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். அவளுக்கு ஓட்டத் தெரியாது; காலையில் லாரியில் ஏற்றித்தான் கொண்டு வந்திருந்தாள். "சாவியைக் குடுங்க ஆன்ட்டி, நான் இருக்கேன்ல" என்று ஜீவன் எழுந்தான்.

அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பூப்போல ஓட்டிவந்து நிறுத்தினான். சுற்றி ஓடிவந்து கதவைத் திறந்து, "அம்மா, பாத்து இறங்குங்கம்மா!" என்றான், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. பிறகு ஸ்டீரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு பிள்ளையா என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

ஏலம் தொடங்கியது. "ஐயாயிரம்!" என்று முதல் கையைத் தூக்கினவன் ஜீவன்.

அட, இவனும் கேட்கிறானா! நல்லதுதான், யாராவது ஆரம்பித்து வைத்தால்தானே ஏறும் என்று நினைத்தாள்.

ஏறவில்லை. முன் வரிசையில் பாதி எழுந்த ஒரு கையை, பக்கத்தில் இருந்தவர் பிடித்துக் கீழே இறக்கினார். வாசுகி ஐயாசாமியைத் தேடினாள். அவர் இவளைப் பார்த்துப் புன்னகைத்தார். கை என்னவோ மடியிலேயே கிடந்தது.

தூக்குங்கய்யா, ஒரே ஒரு தடவை தூக்குங்க என்று மனசுக்குள் கதறினாள். முருகா, எவன் கையையாவது பிடித்துத் தூக்கிவிடேன் என்று வேண்டினாள்.

"ஐயாயிரம் மூணு தரம்!"

"நிறுத்துங்க!" என்று அவள் கத்துவதற்குள் சுத்தியல் விழுந்துவிட்டது. ஜீவன் சட்டென்று குனிந்து அவள் காலைத் தொட்டான். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியதில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்திருப்பதற்குள் ஜீவன் மேசையில் பணத்தைக் கட்டி, தாள்களை வாங்கிக்கொண்டு, காரோடு போயே போய்விட்டான்.

தட்டுத்தடுமாறி ஐயாசாமியிடம் போனாள். "ஐயா, நாப்பது போகும்னீங்களே... நீங்களே கேப்பேன்னீங்களே. ஏன்யா யாருமே கை தூக்கல? மார்க்கெட்டு அவ்ளோ மோசமா?"

"மார்க்கெட்டு கெடக்கும்மா" என்றார் ஐயாசாமி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "கார் விக்கிறவங்க வீட்டு ஆளு மனசு கேக்காம கை தூக்கினா, வேற யாரும் தூக்கக்கூடாது. அது எங்க கிளப்பு வழக்கம். அந்தச் சீனப் பெரியவர் காரை அவரு மக கேட்டப்பவும் நாங்க வாயைத் தொறக்கலியே..."

"வீட்டு ஆளா?"

"பின்ன? உங்க மகன் கேக்கறப்ப மட்டும் குறுக்க வருவோமா?"