டோரெசின் முழங்கை

"டோரெசுக்கு முழங்கையிலை காயமாம். இன்னும் ஆறு கிழமைக்குப் பந்து எறிய மாட்டானாம்" என்றார் குலேந்திரன். கூடப் பிறந்த தம்பிக்கு விபத்து நடந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

"எனக்கு ஆறு மாசமா முழங்கால் நோகுது. அது ஒரு நியூசிலையும் வரேல்லையோ?" என்றாள் ஜெயமலர், வெங்காயம் வெட்டியபடியே.

"சும்மா இருமப்பா. ஆறு மணிக்கு மகன் போன் எடுப்பான். இன்னும் மூண்டு பேரைப் பாடமாக்க வேணும்."

குலேந்திரன் பாசல் நகரில் டிராம் ஓட்டுபவர். பேஸ்போல் ஆட்டம் ஒன்றை முழுதாகப் பார்த்ததில்லை. ஒரு முறை முயன்று, கால்வாசியிலேயே குறட்டை விட்டார். ஆனாலும் அமெரிக்காவின் ரிவர்டன் ஹோக்ஸ் அணியில் யாருக்கு எந்த மூட்டில் நோவு, யாரை விற்கப் போகிறார்கள் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். சுவிஸ் குடியுரிமைக்கான பரீட்சையில் ஏழு அமைச்சர்களின் பெயரைக் கேட்டபோது நாலோடு நின்ற அதே மனிதர்தான்.

எல்லாம் மகன் கோபிசனுக்காக. மூன்று வருடங்களுக்கு முன் அவன் பல்கலைக்கழகத்தை விட்டு, கூர் நகரில் ஒரு ஹோட்டலில் சமையற்காரனாகச் சேர்ந்தான். "நான் இந்த நாட்டுக்கு வந்து கோப்பை கழுவினது நீ சட்டி கழுவவோ?" என்று குலேந்திரன் கேட்டார். அத்தோடு ஒரு வருடம் பேச்சில்லை.

ஜெயமலர் அழுதழுது ஞாயிற்றுக்கிழமை அழைப்பை ஏற்பாடு செய்தாள். "சாப்பிட்டியோ?" "ஓம்." "சுகமோ?" "ஓம்." "சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்." அப்பன் பிள்ளை பாசம் நாற்பது வினாடியில் முடிந்துவிடும். ஒரு ஞாயிறு இதுவும் நின்றுவிடுமோ என்று குலேந்திரன் உள்ளுக்குள் நடுங்கினார்.

காப்பாற்றியது ஒரு தொப்பி. குளிருக்காகப் பழைய சாமான் சந்தையில் வாங்கியது; அதில் ரிவர்டன் ஹோக்ஸ் என்று எழுதியிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. வீடியோவில் அதைப் பார்த்த கோபிசன், "உந்த டீம் இந்த வருசம் எப்பிடி அப்பா?" என்று கேட்டான்.

மகன் தானாகக் கேட்ட முதல் கேள்வி. தெரியாது என்று சொல்ல அவருக்கென்ன பைத்தியமா? "பரவாயில்லை. பந்து எறியிற ஆக்கள்தான் காணாது" என்று ஒரு குத்துமதிப்பாக விட்டார். நல்ல வேளை, எந்த அணிக்கும் பொருந்தும் பதில். அன்று ஒன்பது நிமிடம் பேசினார்கள். மறுநாளே குலேந்திரன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். அது தெரிந்துவிடக் கூடாதென்று, "வீடியோ வேண்டாம், குரல் மட்டும் காணும்" என்றார். கோபிசனும் உடனே சம்மதித்தான்.

"உண்மையைச் சொல்லுங்கோவன், எனக்கு உது ஒண்டும் விளங்கேல்லை எண்டு" என்றாள் ஜெயமலர், வெங்காயத்திலிருந்து நிமிராமலே.

"சொன்னா? பேந்து என்னத்தைக் கதைக்கிறது? அவனுக்கு உந்த விளையாட்டெண்டா உயிர்."

சரியாக ஆறு மணிக்கு போன் அடித்தது. குலேந்திரன் ஸ்பீக்கரைப் போட்டு, புத்தகத்தை விரித்தார்.

"அப்பா, டோரெஸ் விசயம் கேள்விப்பட்டியளோ?"

"முழங்கைதானே? நான் அப்பவே நினைச்சனான்" என்றார், மத்தியானம் வரை எதையும் நினைக்காதவர்.

மறுமுனையில் தாள் புரளும் சத்தம். "என்னடா சத்தம்?"

"அது... நாளைக்குரிய மெனு அப்பா."

வேலைக்கு நடுவிலும் பேசுகிறானே என்று குலேந்திரன் உருகிப் போனார்.

"அவனுக்குப் பதிலா அந்தச் சின்னப் பெடியன் ஹேய்ன்சைப் பெரிய டீமுக்கு எடுப்பினமோ அப்பா? பயிற்சியாளருக்கு அவனைப் பிடிக்கேல்லையாமே?"

"எடுக்கத்தான் வேணும். நல்ல எதிர்காலம் இருக்கு." புத்தகத்தில் அதற்குமேல் ஒன்றும் இல்லை. குலேந்திரன் கொஞ்சம் தடுமாறினார். "பெடியளை அவையின்ரை போக்கிலை விடவேணும். பயிற்சியாளர் அவசரப்பட்டுக் கத்திப்போட்டார். பிழை அவரிலைதான்."

ஜெயமலர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"ஓமப்பா" என்றான் கோபிசன் மெதுவாக. "ஹேய்ன்சும் கொஞ்சம் பொறுமையாச் சொல்லியிருக்கலாம்."

இருபத்தேழு நிமிடம். "சரி அப்பா, அடுத்த ஞாயிறு கதைப்பம்" என்று அவன் முடித்ததும் குலேந்திரன் போனை மேசையில் போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்தார். நிறுத்தும் பொத்தானை அழுத்த மறந்துபோனார். அப்பனைப் போலவே பிள்ளையும்.

"அப்பாடா! இந்தக் கிழமையும் தப்பிட்டன்" என்றது போன்.

"இண்டைக்கு எத்தினை பக்கம் பிரிண்ட் எடுத்தனீங்கள்?" இது அவன் கட்டப்போகும் ரிஷானியின் குரல்.

"பதினொண்டு. பேஸ்போல் எண்டு வாசிச்சாலே எனக்கு நித்திரை வருது."

"அப்ப மாமாவிட்டை உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சொன்னா? அந்த மனுசனுக்கு உந்த விளையாட்டெண்டா உயிர்."

வெடித்து வந்த சிரிப்பை ஜெயமலர் முந்தானையால் அடக்கினாள். குலேந்திரன் மூச்சுக் காட்டாமல் எட்டி, ஒற்றை விரலால் அழைப்பைத் துண்டித்தார்.

"இனி உந்தப் புத்தகத்தைக் குப்பையிலை போடலாம்தானே?"

"உமக்கென்ன விசரோ?" குலேந்திரன் தொப்பியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பேந்து நாங்கள் என்னத்தைக் கதைக்கிறது?"