சீயக்காய் வாசம்

டாக்டர் பூனையின் பிடரியில் மூக்கை வைத்து முகர்ந்தார்.

பிராணிகளின் தோலுக்கென்றே தனியாகப் படித்தவர். முடி கொட்டிய இடத்தைச் சுரண்டி எடுத்துப் பார்த்தாயிற்று. பூச்சி இல்லை, படை இல்லை.

“எதுல குளிப்பாட்டறீங்க?”

“பேபி ஷாம்பூ. வெள்ளிக்கிழமை தவறாம” என்றாள் பூனைக்காரி.

“அப்போ இந்தச் சீயக்காய் யாரு?”

அவள் வீட்டுக்குள் சீயக்காய் நுழைந்து வருஷக்கணக்காகிறது.

வாரத்தில் இரண்டு குளியல், அதனால் வறண்ட தோல், அவ்வளவுதான் என்றார் டாக்டர். ஒருவர் மேலும் தப்பில்லை. கொஞ்ச நாளைக்கு இரண்டு வீடும் தண்ணீரைக் காட்டாமல் இருந்தால் போதும்.

இரண்டு வீடு.

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். தான் ஒருத்தியே முதலாளி என்றிருந்த கடையில், எவளோ கல்லாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

ஆட்டோவில் பூனைக்கூடை மடியில் இருந்தது.

“பிரின்ஸ்.”

அவன் வெளியே பார்த்தான். கூப்பிட்டால் திரும்புகிற வழக்கம் அவனுக்கில்லை. அதை ராஜ கம்பீரம் என்றே இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லி வந்திருந்தாள்.

சீயக்காய் என்றால் பின்சுவருக்கு அந்தப் பக்கம், வேதநாயகி. சனிக்கிழமை தலைமுழுகி மொட்டை மாடியில் உலர்த்துவாள். இடுப்பைத் தாண்டி இறங்கும் முடி. அதைப் பார்க்க வேண்டாமென்றே இவள் சனிக்கிழமைகளில் துணியைக் கொல்லையில் காயப்போடுகிறாள்.

நேரே அந்த வாசலில் இறங்கினாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் தீட்டி வைத்திருந்தாள்.

கதவைத் திறந்த வேதநாயகி இவளைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தாள்.

“அடேய் குப்புசாமி! வெள்ளிக்கிழமையானா ஷாம்பூ மணக்க வந்து நிப்பியே, இவங்கதானா அது?”

பிரின்ஸ் சட்டென்று திரும்பினான்.

மியாவ் என்று பதில் வேறு சொன்னான்.

தீட்டி வைத்த ஒன்றும் நாக்கில் இல்லை. கையிருப்பில் ஒரு பொய்தான் மிச்சம்.

“டாக்டர்கிட்டேர்ந்துதான் வரேன். முடி கொட்டறதுக்கு உங்க சீயக்காய்தான் காரணமாம்.”

வேதநாயகியின் முகம் சுண்டிப்போனது. கூடைக்கு நீட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே கைவைக்க மாட்டேங்க.”

வியாபாரம் படிந்தது.

குப்புசாமியைத்தான் யாரும் கலந்துகொள்ளவில்லை.

சனிக்கிழமை இவள் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அந்த மாடியில் ஈர முடி விரிந்து கிடந்தது. அதன் நிழலில் அவன் மல்லாந்து கிடந்தான்.

வேதநாயகி தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் கோத்து, இறுக்கி வைத்திருந்தாள்.

அன்று சாயங்காலம் இவள் கடைக்குப் போய்ச் சீயக்காய்த்தூள் வாங்கினாள்.

அடுத்த சனிக்கிழமை தலைமுழுகினாள். தோள்வரைக்கும் இருந்த முடியை, விரியும் மட்டும் விரித்துப் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு மெல்லக் கூப்பிட்டாள்.

“குப்புசாமி.”