செத்தால்தான் காசு

"அக்கா, இன்னும் சாவலையா?"

சிட்டிபாபு கேட்டதற்கு பியூலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இல்ல தம்பி," என்றாள். கண் திரையில், விரல் பொத்தானில், காலடியில் முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் கூடை.

புதிதாகக் கேட்பவர்களுக்குத் தூக்கிவாரிப் போடும். சேலையூரில் சிட்டிபாபுவின் வீடியோ கேம் கடையில் அது தினசரி விசாரிப்பு.

அந்தக் கடை முன்பு மாட்டுத் தீவனக் கடையாக இருந்தது. ஊரில் மாடு குறைந்து பள்ளிக்கூடம் பெருகியதும், தவிட்டு மூட்டைகளைக் கிளப்பிவிட்டு மூன்று மெஷின்களைக் கொண்டுவந்து நிறுத்தினான் சிட்டிபாபு. அவன் அப்பா ஏகநாதனுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"பொங்கல் வரைக்கும் பாப்பேன். வருமானம் இல்லன்னா பொட்டியெல்லாம் வெளிய, மூட்டையெல்லாம் உள்ள," என்று சொல்லிவிட்டார்.

வருமானத்துக்கு வழி ரொம்ப சுலபம். ஒரு ரூபாய் போட்டால் திரையில் மூன்று விமானம். மூன்றும் வெடித்தால் ஆட்டம் முடிந்தது. மறுபடி ஒரு ரூபாய். "கொஞ்சத்துல போச்சு மச்சான், அடுத்த தபா முடிச்சிடுவேன்" என்று பையன்கள் பாக்கெட்டைத் துழாவும்போது சிட்டிபாபுவின் காதில் தேன் பாயும். ஆள் சீக்கிரம் சாக வேண்டும். ஆனால் ஜெயித்திருக்கலாமே என்ற ஆசையோடு சாக வேண்டும். தொழிலே அவ்வளவுதான்.

பியூலா சாக மாட்டாள்.

சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில், கடுகு சைஸ் பாகங்களை போர்டில் சொருகிச் சொருகிப் பழகிய விரல்கள். கம்பெனியை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் இங்கே வர ஆரம்பித்தாள். மத்தியானம் ஒரு ரூபாய் போட்டால் விளக்கு வைக்கிற வரை அதே ரூபாய்தான். பையன்கள் தங்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் பின்னால் நின்று வாயைப் பிளப்பார்கள். வேடிக்கைக்கு யார் காசு தருவார்கள்? மற்ற இரண்டு மெஷினும் தனக்குத்தானே பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்.

சிட்டிபாபு சும்மா இருக்கவில்லை. மெஷினின் பின்பக்கத்தைத் திறந்து, ஆட்டத்தைக் கஷ்டமாக்கும் சுவிட்சைத் தள்ளிவிட்டான். பையன்கள் காசு போட்ட கையை எடுப்பதற்குள் செத்தார்கள். "இன்னாண்ணா, ஏமாத்துற" என்று சண்டைக்கு வந்தார்கள். பியூலா மட்டும், "இப்பதான் கொஞ்சம் விறுவிறுப்பா இருக்கு தம்பி," என்றாள்.

சூடாக காபி வாங்கிக் கொடுத்துக் கவனத்தைக் கலைத்துப் பார்த்தான். பேப்பர் கப்பைப் பல்லால் கடித்துப் பிடித்தபடியே குடித்து முடித்தாள். இரண்டு கையும் வேலையாக இருந்தது.

கரண்ட் போய்விட்டது என்று மெயினை அணைத்தான். "எதிர்த்தாப்ல டைலர் கடையில ஃபேன் சுத்துதே. ஃபியூஸா இருக்கும், நான் பாக்கறேன்," என்று அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறவும், அவனே அவசரமாக மெயினைப் போட வேண்டியதாயிற்று. பாதியில் போன ஆட்டத்துக்கு நியாயப்படி ஒரு இலவச ஆட்டமும் கொடுத்தான்.

விரட்டவும் மனசு வரவில்லை. ஒருநாள் மெஷின் கோளாறாகிக் காசைக் கடகடவென்று கொட்டியது. பியூலா அத்தனையையும் முந்தானையில் அள்ளி அவனிடம் கொண்டுவந்தாள். "அடுத்தவங்க காசு நமக்கு எதுக்கு?" தானாக இருந்தால் பாதியாவது பாக்கெட்டுக்குள் போயிருக்கும் என்று சிட்டிபாபுவுக்குத் தெரியும். அப்படிப்பட்டவளை எப்படிப் போகச் சொல்வது?

மார்கழி பிறந்தது. ஏகநாதன் மண்டிக்குப் போய்த் தவிடு விலை விசாரித்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் சிட்டிபாபுவுக்கு அந்த யோசனை வந்தது. அவனே அசந்துபோன யோசனை.

பியூலா வரும் நேரத்துக்குக் கடை வாசலிலேயே நின்றான்.

"அக்கா, உங்களுக்கு ஒரு வேலை கீது."

"சொல்லுங்க தம்பி."

"பல்லாவரத்துல தனசிங்னு ஒருத்தர் இதே மாதிரி கடை வெச்சிருக்காரு. என் கஸ்டமர்ல பாதிப் பேரு ட்ரெயின் ஏறி அங்கதான் போறானுங்க. நீங்க இங்க வர்றத வுட்டுட்டு தினம் அங்க போய் ஆடுங்க. ட்ரெயின் பாஸ், டிபன், சம்பளம் எல்லாம் என் பொறுப்பு. நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணு. சாகக் கூடாது."

பியூலாவின் முகம் வாடிவிட்டது. கூடையைக் கீழே வைத்தாள்.

"அது முடியாது தம்பி."

"சம்பளம் எவ்ளோன்னு யோசிக்கிறீங்களா? நீங்களே சொல்லுங்க."

"சம்பளத்துக்காக இல்ல. அது தப்பு."

சிட்டிபாபுவுக்குச் சுருக்கென்றது. தனசிங்குக்கும் பொண்டாட்டி பிள்ளை இருக்கும். அவர் பிழைப்பில் மண்ணைப் போட ஆள் பிடிக்கிறோம். அதைத் தப்பு என்று சொல்ல, வேலை போய் நிற்கிற ஒரு பொம்பளை வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கூசியது.

"மன்னிச்சிக்கோங்க அக்கா," என்றான் தலையைக் குனிந்துகொண்டு. "புத்தி கெட்டுப்போய்க் கேட்டுட்டேன். இன்னொருத்தர் கடையைக் கெடுக்க ஆள் அனுப்புறது பெரிய பாவம்தான்."

"ஐயோ, நான் அதைச் சொல்லல தம்பி," என்றாள் பியூலா, கைப்பையில் ரூபாய்க் காசைத் தேடிக்கொண்டே. "தனசிங் சார்கிட்ட மாசாமாசம் சம்பளம் வாங்கிக்கிட்டு, அவர் கடையிலயே போய் நான் அப்படிப் பண்ணா நல்லாவா இருக்கும்?"