இடது கை ஆட்காட்டி விரல்

எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தோல்தான் எரிந்தது.

மை அசையவில்லை. நகத்தோடு சேர்த்து ஒரு கறுப்புக் கோடு, விடியற்காலை வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரிந்தது.

ஊர் கூடி முடிவெடுத்திருந்தது. பாலம் வரும்வரை ஒருத்தரும் ஓட்டுப் போடக் கூடாது. மீறுகிற குடும்பத்துக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, நல்லது கெட்டதுக்கு யாரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். ஊர்த்தலைவர் மைக் வைத்துச் சொன்னார்.

பெண்களை யாரும் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை.

அவளுக்கும் பாலம் வேண்டும்தான். ஆனால் மகள் இந்த வருஷம் ஐந்தாம் வகுப்பை முடிக்கிறாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் அதோடு சரி. பஞ்சாயத்துத் தேர்தலில் நின்றவர்களில், ஆறாம் வகுப்பு கொண்டுவருவேன் என்று சொன்னவர் ஒரு டீச்சர் மட்டும்தான்.

நேற்று வாக்குச்சாவடிக்கு வந்த அதிகாரிகளுக்குச் சமைத்துப் போட்டவள் அவள். சாம்பார் வாளியோடு உள்ளே போனாள். வாளியை இறக்கினாள். சீட்டை வாங்கினாள், முத்திரை குத்தினாள், பெட்டியில் போட்டாள். ரசம் கேட்டவருக்கு ரசமும் ஊற்றிவிட்டு வெளியே வந்தாள்.

அவ்வளவு தைரியமும் இப்போது எங்கே போனதென்று தெரியவில்லை.

பழைய சேலையைக் கிழித்து விரலைச் சுற்றினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. தெரிந்தேதான் செய்தாள்.

தண்ணீர் வரும் நேரம். குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள்.

முன்னால் நின்ற பாண்டியம்மா திரும்பினாள். சட்டென்று கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் இவள் பார்த்துவிட்டாள்.

இடது கை. ஆட்காட்டி விரல். மஞ்சள் பற்று.

அதற்கும் முன்னால் நின்றவளுக்குப் பிளாஸ்திரி. குழாயைத் திறந்தவளுக்கு, விரல் முழுக்க அவசரமாக அப்பிய மருதாணி.

எப்போது போனார்கள் இவர்களெல்லாம்? இவள் பாத்திரம் கழுவப் போன நேரத்திலா?

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. குடம் நிறைந்துகொண்டிருந்தது.

இவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் சிவனம்மா வந்தாள். ஊர்த்தலைவரின் மனைவி.

குழாயடியில் இருந்த அத்தனை இடது கையும் முந்தானைக்குள் போனது.

சிவனம்மா வரிசையின் கடைசியில் நின்றாள். இடுப்புக் குடத்தை மெல்ல இறக்கி வைத்தாள். அவள் விரலில் வெள்ளைத் துணி, எல்லாருடையதையும்விடப் பெரிய கட்டு.

"அருவாமனை வெட்டிருச்சுடி," என்றாள், யாரும் கேட்காமலேயே.