முப்பத்தைந்து கிராம்

“உண்மையைச் சொல்லுங்கம்மா. இது எத்தனையாவது கிளி?”

டாக்டர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். ஆனாலும் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளின் முகம் சுண்டிப்போய்விட்டது. மஞ்சள் ஸ்வெட்டர், தடித்த கண்ணாடி, தோளில் முகப் பவுடர் சிந்திய தடம், இழுத்து முடிந்த வெள்ளைத் தலை. மடியில் கூண்டு. அதற்குள் குண்டுமணி. லவ் பேர்ட்ஸ் என்று சொல்லிக் கடைகளில் ஜோடியாக விற்பார்களே, அந்தக் குட்டிப் பச்சைக் கிளிதான்.

“ஒரே கிளிதான் டாக்டர். மாத்தவே இல்ல” என்றார் நடுங்கும் குரலில்.

டாக்டரால் நம்ப முடியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு இந்தக் கிளினிக்கைப் பழைய டாக்டரிடமிருந்து வாங்கியபோது, அலமாரி நிறைய அட்டைகளும் சேர்ந்து வந்தன. குண்டுமணியின் அட்டையில் முதல் தேதி பதினைந்து வருடத்துக்கு முந்தையது. வளர்த்தவர் தையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாள், வயது அறுபத்தெட்டு என்று இருந்தது.

இந்த வகைக் கிளி எட்டு வருடம் இருந்தாலே பெரிய விஷயம். பாசத்தில் வேளாவேளைக்கு விதையைக் கொட்டி, பானை வயிறு ஆக்கி, ஐந்து வயதில் அனுப்பி வைப்பவர்களைத்தான் அவர் தினமும் பார்க்கிறார். இதுவோ தராசில் முப்பத்தைந்து கிராம். ஒரு வயதிலும் அதே முப்பத்தைந்து என்று அட்டை சொல்கிறது. கிளியை விடுங்கள், கணக்குப்படி அந்த அம்மாளுக்கும் எண்பத்து மூன்று ஆகிறது. கூண்டைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறி, மூச்சு வாங்காமல் வந்து உட்காருகிறார். கிளிக்கு வைப்பதைத்தான் இவரும் சாப்பிடுகிறாரோ என்று டாக்டர் மனசுக்குள் கிண்டல் செய்ததுண்டு.

இன்றைக்குக் கிண்டலுக்கு இடமில்லை. குண்டுமணியின் அடிவயிற்றில் மிளகு அளவுக்கு ஒரு கட்டி.

“இளசா இருந்தா இப்பவே எடுத்துடணும், விட்டா வளர்ந்து உசிருக்கு வந்துடும். நிஜமாவே பதினஞ்சு வயசுன்னா, மயக்க மருந்து கொடுத்தா முழிக்கவே முழிக்காது. நீங்க சொல்ற வயசை வெச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்.”

அந்த அம்மாள் பையிலிருந்து நோட்டுப் புத்தகங்களை எடுத்து மேஜையில் அடுக்கினார். தினமும் காலையில், தீனி வைக்கும் முன்பு எடுத்த எடை. கேட்டதற்கு வழக்கத்தையும் சொன்னார். தலைதட்டி ஒரு சின்னக் கரண்டி விதை, கொஞ்சம் கீரை, கதவை மூடிவிட்டு இரண்டு வேளை அறைக்குள் பறக்கவிடுவது. சூரியகாந்தி விதை மட்டும் தலைகீழாக நின்று கெஞ்சினாலும் கிடையாதாம்.

டாக்டர் புரட்டினார். முப்பத்தைந்து, முப்பத்து நாலு, முப்பத்தாறு, முப்பத்தைந்து. ஒரு நாள் விடாமல் வருடக்கணக்கில் அதே எண்கள். தன் எடையை ஒரு மாதம்கூடக் கட்டிவைக்க முடியாத அவர் வயிற்றை எக்கிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனார்.

மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கத்தில் விரல் நின்றது. முப்பத்தைந்து, முப்பத்து மூன்று, முப்பத்தொன்று, முப்பது, இருபத்தெட்டு. ஐந்தே நாளில் ஏழு கிராம். பிறகு மெல்ல மெல்ல ஏறி, பழையபடி முப்பத்தைந்து. அதுவரை கோணலும் மாணலுமாக எழுதப்பட்டிருந்த எண்கள் அந்த வாரத்திலிருந்து நேராகியிருந்தன. புதுக் கிளியோடு புதுக் கண்ணாடியும் வாங்கியிருப்பார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

“இங்கதான் பழசு போயிருக்கு, இல்லையாம்மா? தப்பே இல்ல. மனசு கேக்காம நிறைய பேர் செய்யறதுதான்.”

அந்த அம்மாள் இல்லையென்று தலையசைத்தார். கண் கலங்கிவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கூண்டைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

டாக்டர் மறுபடி அட்டையை எடுத்தார். அடியில் பழைய டாக்டரின் பொடி எழுத்து. குஞ்சாக இருந்தபோது வலது கால் முறிந்து, எலும்பு உள்பக்கம் வளைந்து ஒட்டியது. அதே காலில் ஒரு விரலுக்கு நகம் இல்லை.

கிளியைத் துண்டில் பொதிந்து காலைத் தடவினார். வளைவு இருந்தது. நகம் இல்லை. பூதக்கண்ணாடி வைத்து இன்னொரு தரம் பார்த்தார். சந்தேகமே இல்லை, அதே கால்தான். பதினைந்து வருடமாக நிற்காத ஒரு நெஞ்சு அவர் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“மன்னிச்சிடுங்கம்மா” என்றார், குண்டுமணியைக் கூண்டில் விட்டபடி. “இது அதே கிளிதான். கத்தி வேண்டாம், இப்படியே பார்த்துக்கலாம். ஆனா அந்த ஒரு வாரம் இதுக்கு என்ன ஆச்சு?”

அந்த அம்மாள் துணியை எடுத்துக் கூண்டைச் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் மூடினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். கூன் விழுந்திருந்த முதுகு நிமிர்ந்தது. பேசியபோது குரலில் நடுக்கம் இல்லை, நாற்பது வயதுக் குரல்.

“அம்மா தவறிட்டாங்க டாக்டர். அவங்க கையால வைக்காம இது ஒரு மணி விதைகூடத் தொடல. அஞ்சாம் நாள் அவங்க ஸ்வெட்டரை மாட்டி, தலையில பவுடரைக் கொட்டிக்கிட்டு, அவங்க மாதிரியே கூப்பிட்டேன். ஓடி வந்து தின்னுச்சு.”

மூடிய கூண்டை மெல்ல அணைத்துக்கொண்டு, கிளிக்குக் கேட்டுவிடாதபடி கிசுகிசுத்தாள்.

“கிளியை மாத்தல டாக்டர். அம்மாவைத்தான் மாத்தினேன்.”